டீச்சரம்மாவின் திராட்சை

என் தாய்மாமா வாயைத் திறந்தால் கம்பம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும் என்று அப்பா கேலி செய்வார். மாமா திராட்சைக் கமிஷன் மண்டி வைத்திருந்தார். காலையில் தோட்டக்காரர்களிடம் கத்துவார், மத்தியானம் லாரிக்காரர்களிடம் கத்துவார், சாயங்காலமானால் கேரளத்து வியாபாரிகளிடம் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் போனில் கத்துவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் சட்டைக்குள்ளே இரண்டு குட்டிப் பிராணிகளைத் தூங்கவைத்துக்கொண்டு, அதுகள் முழித்துவிடக் கூடாதென்று குசுகுசுவென்று விலை பேசியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

மாமாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டு மாடியறையில்தான் இருந்தார். அவரிடம் வாடிக்கையாகப் பழம் எடுக்கிற கொச்சிக்காரர் ஒருவர் துபாய்க்குப் புறப்படும்போது, தான் ஆசையாக வளர்த்த ஜோடியைக் கூண்டோடு மாமாவிடம் ஒப்படைத்துவிட்டார். சுகர் கிளைடர் என்று பெயராம், ஆஸ்திரேலியா பக்கத்துப் பிராணியாம். பார்வைக்கு அணில் மாதிரி. சாம்பல் நிறம், முதுகில் ஒரே ஒரு கறுப்புக் கோடு, முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு கண்கள். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே மெல்லிய தோல் மடிந்து கிடக்கும். மேலேயிருந்து தாவும்போது அதை விரித்துக்கொண்டு மிதந்து வரும். பெண்ணுக்கு வயிற்றில் குட்டி வைத்துக்கொள்ளப் பைகூட உண்டு. அது எங்களை முறைத்துப் பார்க்கிற பார்வைக்காக மாமா டீச்சரம்மா என்று பெயர் வைத்தார். ஆண் எந்நேரமும் கூண்டுக் கம்பியைப் பிடித்து இழுத்துச் சரிபார்த்துக்கொண்டே இருந்ததால் மேஸ்திரி.

பகலெல்லாம் இரண்டும் தூங்கும். வளர்க்கிறவர் உடம்பு வாசனை பழகினால்தான் ஒட்டும் என்று கொச்சிக்காரர் சொல்லியிருந்தார். அம்மா பழைய ஃபிளானல் துணியில் ஒரு பை தைத்துக் கொடுத்தாள். மாமா அதைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மண்டிக்குப் போனார். ஒருநாள் பேரம் சூடாக நடக்கும்போது டீச்சரம்மா சட்டைக் காலர் வழியாகத் தலையை நீட்டி எட்டிப்பார்த்திருக்கிறது. எதிரே இருந்த வியாபாரி நாற்காலியிலிருந்து விழப் பார்த்தாராம். மண்டியே சிரித்தது. மாமாவுக்கு அதில் கொஞ்சமும் வெட்கமில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் கூண்டைத் திறப்பார். திரைச்சீலைக் கம்பியில் ஏறி நின்று, உடம்பை ஒரு தரம் குலுக்கிக்கொண்டு, டீச்சரம்மா அறையின் அந்தக் கோடியிலிருந்து மிதந்து வந்து மாமாவின் தோளில் இறங்கும். கைக்குட்டை பறந்து வருவது மாதிரி இருக்கும். அதைப் பார்க்கவே நான் வீட்டுப்பாடத்தைச் சீக்கிரம் முடித்தேன்.

சாப்பாடு என்னவென்று நினைக்கிறீர்கள்? திராட்சைதான். எங்கள் பக்கத்தில் விருந்தாளி வந்தால் காபிக்கு முன்னால் திராட்சை வரும். அப்படியிருக்க, மண்டிக்காரர் வீட்டுச் செல்லங்களுக்கு வேறென்ன வரும்? பெட்டியிலேயே முதல் தரமான கறுப்புப் பன்னீர் திராட்சையைப் பொறுக்கி எடுத்து, பூச்சிமருந்து வாசம் போக மூன்று தண்ணீரில் கழுவிக் கொடுப்பார். எங்கள் மண்டியில் அது ஒன்றுதான் சரக்கு. ஓடைப்பட்டிப் பக்கத்து விதையில்லாப் பச்சைத் திராட்சையை மாமா பழத்தோடு சேர்த்தே பேசமாட்டார். “அது வெறுந் தண்ணி” என்பார். அதுகள் இரண்டும் பழத்தைக் கையில் பிடித்துச் சாற்றை மட்டும் உறிஞ்சிவிட்டு, சக்கையைச் சின்ன உருண்டையாகத் துப்பும். கூண்டுக்கு அடியில் இருக்கும் தட்டு கறுஞ்சிவப்பாகிக் கிடக்கும்.

நாலு மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் டீச்சரம்மா கம்பியில் ஏற முடியாமல் கீழே விழுந்தது. மறுநாள் பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு ஊர்ந்தது.

மாமா அதைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினார். நானும் கூடப் போனேன். டாக்டர் நல்ல மனுஷர். “இந்தச் சீவனை நான் படத்துலகூடப் பாத்ததில்லப்பா. என்ன திங்குது?” என்று கேட்டார். மாமா பெருமையாகச் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. “பழத்த மட்டும் தின்னா எலும்புல என்ன இருக்கும்? முட்டையிடுற கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து இல்லாட்டிக் கால் விழுகும்ல, அந்தக் கதைதான். திராச்சைய மொத நிறுத்து. இப்பவே சீக்கு முதுகெலும்பு வரைக்கும் வந்திருக்கும். இன்னும் பத்து நாள் இப்படியே போனா பொழைக்காது” என்று சொல்லி, சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் மாமா டீச்சரம்மாவைச் சட்டையோடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டே வந்தார். அவர் கையாலேயே, அவர் சரக்கிலேயே முதல் தரத்தைக் கொடுத்தல்லவா இந்தக் கதி வந்தது. அன்றோடு வீட்டுக்குப் பழப்பெட்டி வருவதை நிறுத்தினார். அவித்த முட்டையை ஓட்டோடு அம்மியில் அரைத்து, கேழ்வரகுக் கூழில் பிசைந்து, மலைத்தேன் ஒரு சொட்டும் மருந்து ஒரு சொட்டும் விட்டுத் தந்தார். தோட்டத்து வரப்பில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெட்டுக்கிளி பிடித்தார். பெரிய மண்டிக்காரர் வெட்டுக்கிளிக்குப் பின்னால் ஓடுவதைத் தோட்டக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

மேஸ்திரி எது கொடுத்தாலும் தின்றது. டீச்சரம்மாதான் முகத்தைத் திருப்பிக்கொண்டது. “ஒரு வாயி தின்னுத்தா. எனக்காகத் தின்னுத்தா” என்று விரல் நுனியில் கூழை வைத்துக்கொண்டு மாமா மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார். போன் அடித்தால் எடுக்கமாட்டார். இவ்வளவு பொறுமை அந்த உடம்பில் எங்கே இருந்ததென்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இரண்டு நாள் அது பட்டினி கிடந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. என் பக்கத்து பெஞ்சுக்காரியின் அம்மா ஊர் ஓடைப்பட்டி. என்னுடைய வாசனை ரப்பரைக் கொடுத்து அவளிடம் ஒரு பை திராட்சை வாங்கினேன். மாமா குளிக்கப் போன சமயம் பார்த்துக் கூண்டுக்குள் ஒன்றொன்றாக நீட்டினேன். டீச்சரம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? மூன்று நாள் கொடுத்தேன். கூழை அது அப்புறமும் தொடவில்லை. ஏன் தொடவேண்டும்?

நாலாம் நாள் கூண்டுத் தட்டைக் கழுவ எடுத்த அம்மா, மாமா குளிக்கிற பக்கம் திரும்பிப் போட்ட சத்தத்தில் நான் கதவோரம் ஒதுங்கிக்கொண்டேன்.

“ஏலே, டாக்டர் அம்புட்டுச் சொன்னாகள்ல! இங்கன பாரு, சக்கையாக் கெடக்கு. அதக் கொன்னுபோட்டுத்தேன் ஓய்வியா?”

மாமா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். தட்டிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து, விரலில் நசுக்கிப் பார்த்தார். கதவோரம் நின்ற என்னை ஒரு தரம் பார்த்தார்.

“நாந்தேன்க்கா குடுத்தேன். மனசு கேக்கல. இனிக் குடுக்கல” என்றார்.

அம்மா அரை மணி நேரம் திட்டினாள். ஊருக்கே விலை சொல்கிற மனுஷன், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டார். எனக்கோ பெரிய பாரம் இறங்கினாற்போல் இருந்தது. மாமாவும் என்னைப் போலவே திருட்டுத்தனமாகக் கொடுத்திருக்கிறாரே! அம்மா அடுப்படிக்குப் போனதும் அவரிடம் போய், “நீங்களுமா மாமா?” என்று மெதுவாகக் கேட்டேன். “ஆமாத்தா. என்னத்தச் செய்ய, அது மூஞ்சியப் பாத்தா பாவமா இருந்துச்சு. இனி வேணாம், என்ன?” என்றார்.

அவரே விட்டுவிட்டாரென்றால் நானும் விடுவதுதானே மரியாதை. மிச்சத் திராட்சையை நானே தின்று தீர்த்தேன்.

மறுநாள் பசி தாங்காமல் டீச்சரம்மா மாமாவின் விரலை நக்கியது. அடுத்த நாள் கிண்ணத்தையே நக்கியது. ஒரு மாதத்தில் கம்பியில் பாதி ஏறியது. இரண்டாம் மாதம் ஒரு சாயங்காலம், திரைச்சீலை உச்சியில் நின்று உடம்பைக் குலுக்கிக்கொண்டு, மிதந்து வந்து மாமாவின் தோளில் இறங்கியது. மாமா மீசையைத் துடைத்துக்கொள்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாமாவும் திருடித்தான் கொடுத்தார் என்பதை நான் வெளியே விடவே இல்லை. அவர் கல்யாணத்தில் அத்தையிடம்கூடச் சொல்லாமல் காப்பாற்றினேன். அவர் மானம் என் கையில் இருக்கிறதென்று ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

போன மாதம் பழக்கடையில், “பச்சைத் திராட்சையா, கறுப்பா அக்கா?” என்று கடைக்காரப் பெண் கேட்டபோதுதான் கையில் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். அன்றைக்குத் தட்டில் கிடந்த சக்கையெல்லாம் பச்சை. கறுப்பு ஒன்றுகூட இல்லை. எங்கள் மண்டிக்குப் பச்சைத் திராட்சை வந்ததே கிடையாது.