தெருக்குழாயைக் காட்டிய டி.வி.

எங்கள் உள்ளூர் டி.வி. சேனல் பார்க்க ஆளில்லாமல் படுத்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ஒரு தெருக்குழாயைக் காட்டியதற்காக அதை மூடினார்கள். இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

குருசுக்குப்பத்தில் என் வீட்டுக்காரரின் எலெக்ட்ரிக் கடைக்கு மேலே ஒரே அறை. ஒரு கேமரா, ஒரு கம்ப்யூட்டர். படம் எடுப்பதும் ஒயர் இழுப்பதும் அவர், செய்தி வாசிப்பது நான். கேபிள்காரர் தன் லைனில் எங்களுக்கு ஓர் இடம் கொடுத்திருந்தார். சுற்றியுள்ள சில தெருக்களில்தான் தெரிவோம். ஆனால் அந்தத் தெருக்களின் காதுகுத்தும் சாவும் எங்களிடம் சொல்லாமல் நடக்காது.

ஒரு கோடையில் தண்ணீர் மோட்டார் எரிந்துபோய், எங்கள் பக்கம் குழாய்களெல்லாம் காய்ந்து கிடந்தன. தண்ணீர் ஆபீஸ் அதிகாரி ஒருவர் எங்களுக்குப் போனில், "எல்லாத் தெருவுக்கும் தண்ணி வருது" என்றார். நானும் பவுடர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அதை அப்படியே வாசித்துத் தொலைத்தேன். மறுநாள் காலையில் மீன் விற்கும் அக்கா ஒருத்தி காலிக் குடத்தோடு மாடியேறி வந்தாள்.

"உன் டி.வி.யில தண்ணி வருதாமே. இதுல புடிச்சுக் குடு, நான் போறேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

அன்றே கேமராவைத் தெருக்குழாய்க்கு எதிரே நிறுத்தினோம். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. நாள் முழுக்க நேரலையில் அந்தக் குழாய் மட்டும். கீழே ஒரு வரி: 'தண்ணீர் வந்ததும் நிகழ்ச்சிகள் தொடரும்.'

மூன்றாம் நாள் காலை கேபிள்காரர் போன் செய்தார். "மேலேருந்து கேக்குறாங்கம்மா. அந்தக் கொழாய எடுத்துட்டு ரெண்டு பாட்டப் போடுங்க. இல்லன்னா லைன வெட்டிடுவேன்."

வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது. கடையைவிட அந்த மாடி அறைதான் அவருக்கு உயிர். "என்னா பண்ணலாம்?" என்றார்.

"ஒரு தடவ பொய் வாசிச்சது போதும். வெட்டுனா வெட்டட்டும்."

மேசைமேல் கிடந்த துணியை எடுத்தார். பிறகு, "லென்ஸுல தூசியா இருக்கு, தொடச்சுட்டு வந்துர்றேன்" என்று கீழே இறங்கிப் போனார்.

வெட்டினார்கள். வேடிக்கை அதற்குப் பிறகுதான். டி.வி.யில் குழாயைக் காணோம் என்றதும், தண்ணீர் வந்துவிட்டதாக நினைத்து ஜனங்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். பார்த்தால் ஒரு சொட்டு இல்லை. வந்தவர்கள் சும்மா திரும்புவார்களா? குடங்களை ரோட்டின் குறுக்கே அடுக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். வண்டிகள் நின்றன. மூன்று நாள் நாங்கள் காட்டியபோது அசையாத அதிகாரிகள், அன்று சாயங்காலமே புது மோட்டாரோடு வந்து நின்றார்கள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

தண்ணீர் வந்தது. லைன் வரவில்லை. மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்று கேபிள்காரர் சொல்லி அனுப்பினார்.

எழுதினேன். 'தண்ணீர் வருகிறது என்று வாசித்ததற்கு மன்னிக்கவும்.' பெரிய எழுத்தில் எழுதி, கையெழுத்தும் போட்டேன். அவருக்கு அனுப்பவில்லை. குழாயடியில் கொண்டுபோய் ஒட்டினேன்.