நாலு மணிக்கு வீட்டில் இருக்கவேண்டும்

பிற்பகல் மூன்றரைக்கு எங்கள் பேருந்து மோல்டன் என்ற பழைய தங்கச் சுரங்க ஊரின் தெருவில் நின்றது. நாலு மணிக்கு நான் மெல்பேர்னில், எங்கள் வீட்டு ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். அது இனி நடக்காது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எனக்கு ஒன்பது வயது. அம்மாவும் நானும் முதலில் வந்துவிட்டோம். அப்பா விசாவுக்காகக் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் நேரம் நாலு மணிக்கு, லொட்ஜுக்குக் கீழே இருந்த கடையிலிருந்து அழைப்பு எடுப்பார். அம்மா பேசி முடித்து ரிசீவர் என் காதுக்கு வரும்போது, கடைக்காரர் நேரம் முடிந்தது என்று சொல்வது கேட்கும். அப்பா அவசரமாக, "என்ன சாப்பிட்டனி?" என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்விக்கு நல்ல பதிலாக ஒன்றை வாரம் முழுக்க யோசித்து வைத்திருப்பேன்.

சில ஞாயிறுகளாக அழைப்பு வரவில்லை. லைன் பழுது என்றார் அம்மா. பழுதான லைனை ஒருநாள் திருத்துவார்கள்தானே. திருத்தும் நாளில் நாங்கள் வீட்டில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் தமிழ்ச் சங்கத்து ஆட்கள் ஒருநாள் சுற்றுலா ஒழுங்கு செய்தார்கள். பக்கத்து வீட்டு அன்ரி அம்மாவை விடவில்லை. "போனையே பாத்துக்கொண்டு இருந்தால் அது அடிக்குமே? வாரும், பிள்ளைக்கும் நாலு இடம் காட்டவேணும்." அம்மா விடியற்காலையில் எழும்பி ரோல்ஸ் பொரித்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காலணி போட்டேன். கதவைப் பூட்டிய பிறகு அம்மா எதையோ மறந்தவர்போலத் திரும்பத் திறந்து உள்ளே போய்விட்டு வந்தார்.

சங்கத்து அங்கிள் ஒருவர்தான் வழிகாட்டி. கையில் ஒலிபெருக்கி இருந்ததால் பக்கத்தில் நின்றவருக்கும் அதிலேயே பதில் சொன்னார். முதலில் எரிமலைப் பூங்கா. விமான நிலையத்துக்குக் கிட்ட, ஒரு பள்ளத்தாக்கின் அடியில், கறுத்த கற்றூண்கள் கட்டி நிறுத்திய பென்சில்கள்போல நின்றன. இவையெல்லாம் ஒருகாலத்தில் நெருப்புக் குழம்பு, ஆறித்தான் இப்படிக் கல்லானவை என்றார்.

"ஆற எவ்வளவு நேரம் எடுத்தது அங்கிள்?"

"நேரமோ? இதென்ன, உம்மட அம்மா போட்ட தேத்தண்ணியே!"

எல்லோரும் சிரித்தார்கள். பள்ளத்தாக்குக்கு மேலாக விமானங்கள் தாழ்ந்து இறங்கிக்கொண்டிருந்தன. நான் அதன் பிறகு கற்களைப் பார்க்கவில்லை.

மோல்டனில் மரத்தூண் விறாந்தை வைத்த பழைய கடைகள். யார் எங்கே தங்கம் தோண்டினார்கள் என்று அங்கிள் சொல்லிக்கொண்டே முன்னால் போனார். தபால் நிலையத்துக்கு வெளியே ஒரு ரெலிபோன் கூண்டு நின்றது. அவசரத்துக்கு என்று அம்மா என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு நாணயம் போட்டு விடுவார்.

என் கணக்கு சுலபமானது. நாலு மணிக்கு எங்கள் வீட்டு இலக்கத்தையே அழுத்திப் பார்ப்பது. மணி போனால் அப்பா அழைப்பு எடுக்கவில்லை. விட்டுவிட்டு ஒலிக்கும் எங்கேஜ் என்றால் அந்த நேரம் அப்பா எடுத்துக்கொண்டிருக்கிறார்.

எங்கேஜ்!

நாணயம் கடகடவென்று திரும்பி விழுந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் எங்கேஜ். அப்பா விடாமல் எடுக்கிறார். நான் கூண்டுக்குள் நின்று குதித்தேன்.

தெருவுக்கு அந்தப் பக்கம் நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். எங்கள் ஆட்களின் பயணங்களில் யாருடைய பிள்ளையும் யாருடைய மடியிலும் இருக்கும். "எல்லாரும் வந்தாச்சோ?" என்று அங்கிள் கேட்டார். பேருந்து முழுக்க ஓம் போட்டது. நான் பின்னால் அன்ரியோடு என்று அம்மா நினைத்தார்; முன்னால் அம்மாவோடு என்று அன்ரி நினைத்தார். பேருந்து போய்விட்டது.

இது நடந்து எத்தனையோ வருடங்கள். போன ஞாயிறு என் மகள் சிநேகிதிகளோடு அந்த எரிமலைப் பூங்காவுக்குப் போனாள். நான் அழைக்க அழைக்க மாலை முழுக்க அவளுடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. கார் சீற்றுக்குக் கீழே விழுந்துவிட்டதாம். வீட்டுக்கு வந்து "ரிலாக்ஸ், அம்மா" என்றாள். பதில் இல்லாமல் போகும் மணி ஒரு மனிதரை என்ன செய்யும் என்று போன ஞாயிறுதான் கண்டேன்.

என் அம்மாவுக்கு அது முதலே தெரிந்திருந்தது. சுற்றுலா அன்று காலை திரும்ப உள்ளே போய் ரிசீவரைத் தூக்கிக் கதிரையில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். அப்பா எடுத்து, மணி போய்க்கொண்டே இருந்தால் எங்களுக்கு என்ன ஆனதோ என்று ஏங்கிவிடுவார். எங்கேஜ் என்றால் வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று நிம்மதியாகப் போவார். ஆனால் அழைப்பு வராத அந்த வாரங்களில் அப்பாவைப் பொலிஸ்காரர் லொட்ஜிலிருந்து பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். இரண்டு வருடம் கழித்து அவர் வந்திறங்கிய பிறகுதான் எனக்கு அது தெரியும். அம்மாவுக்கு அப்போதே செய்தி வந்திருந்தது. தெரிந்துகொண்டும் ரிசீவரைத் தூக்கி வைத்திருக்கிறார்.

கூண்டுக்குள் நான் எதுவும் அறியேன். தெருவில் ஒருவரும் இல்லை என்பதைக்கூடக் கவனிக்கவில்லை. திடீரென்று ஒலிபெருக்கி அலறியது. "ஆள் நிக்குது! ஆள் நிக்குது!" திரும்பி வந்த பேருந்து நிற்கமுன் அம்மா குதித்து, ஒரு காலில் செருப்பில்லாமல் ஓடி வந்தார். அடிக்கக் கை ஓங்கினார்.

"அம்மா, அப்பா எடுக்கிறார்! கேட்டுப் பாருங்கோ!"

ஓங்கிய கையால் ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தார். அந்த ஒரே ஒலியை, யாரோ பேசுவதைக் கேட்பதுபோல, நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு சத்தம் வராமல் அதன் இடத்தில் வைத்தார்.

"ஓம் பிள்ளை, அப்பாதான். நாங்கள் வீட்டில இருக்கிறம் எண்டு இப்ப அவருக்குத் தெரியும். வா."