குறைந்த நாட்களில் யாருக்கு லாபம்?

"மூண்டு கிழமையில முடிச்சு சல்லிய மிச்சம் பிடிச்சிட்டாய், என்ன மகள்?"

அம்மாவின் உடல் வீட்டுக்கு வந்த அன்று, அவருடைய தங்கையான சின்னம்மா என் காதருகே குனிந்து இப்படிக் கேட்டார். ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு வரும் எல்லோர் கைக்கும் இந்த நினைவு மலர் வந்து சேரும் என்பதால் பதிலை இங்கே எழுதுகிறேன். சின்னம்மா வாய்விட்டுக் கேட்டதை இன்னும் சிலர் மனதுக்குள் கேட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

அம்மா முகத்துவாரத்தில், கடலுக்குப் போகும் குடும்பத்தில் பிறந்தார். எழுத்துக் கூட்டத் தொடங்கிய வயதிலேயே, தங்கையைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பாவை மணந்தார். நான் சிறுபிள்ளையாக இருந்தபோதே அப்பா காலமானார். அதன் பிறகு கொட்டாஞ்சேனைச் சந்தைக்கு வெளியே ஒரு மூலையில் மீன் விற்று அம்மா என்னைப் படிப்பித்தார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அம்மாவுக்கும் வரவில்லை. மீன் வாங்க வந்தவர்களுக்கு மிச்சக்காசு கொடுக்குமுன் அதைத்தான் சொல்வார்.

அம்மா எதையும் இலேசில் நம்பமாட்டார். ஐஸ் பெட்டியைத் திறக்கவைத்து அடியில் கிடக்கும் மீனைத்தான் முதலில் பார்ப்பார். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பரிசு கிடைத்தபோது, அதே பரிசை வேறு யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று டீச்சரிடமே போய்க் கேட்டவர் அவர்.

மார்பில் கட்டி வந்து, அறுவைச் சிகிச்சை முடிந்ததும், அரசாங்க மருத்துவமனையில் கதிர் சிகிச்சை வேண்டும் என்றார்கள். வழக்கமாக ஐந்து வாரம் கொடுப்பதை அம்மாவுக்கு மூன்று வாரத்தில் முடிக்கலாம் என்றார் டொக்டர். வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வெயில் ஏறினாப் பிறகு நானும் விலையைக் குறைப்பன். ஏன் குறைக்கிறன் எண்டு எனக்குத் தெரியும்தானே, மீன் பழுதாகப் பாக்குது. இவங்கட்ட என்ன பழுதெண்டு கேள்."

எனக்கும் அதே சந்தேகம்தான். இயந்திரம் சரியில்லையா? வரிசையைக் குறைக்க எங்களைச் சீக்கிரம் அனுப்பப் பார்க்கிறார்களா? வசதியானவர்களுக்கு ஐந்து, எங்களுக்கு மூன்றா?

சின்னம்மா தன் காப்புகளைக் கழற்றித் தந்து, அடகு வைத்துத் தனியாரில் செய்வோம் என்றார். அதை நான் மறக்கவில்லை. இருவருமாக ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம்.

"அஞ்சு கிழமைதான் சேஃப், மிஸ். கூட நாள் எடுத்தாக் கூட நல்லம்" என்றார் முன்மேசையில் இருந்தவர்.

"சார்ஜ் எப்பிடி?"

"ஒவ்வொரு நாளுக்கும் புறம்பு புறம்பா."

சின்னம்மா தலையாட்டினார். நான் ஆட்டவில்லை. நாள் கணக்கில் பணம் வாங்குகிறவர், கூடிய நாள் நல்லது என்று சொன்னால் நான் எப்படி நம்புவது? நீண்ட வரிசை வைத்திருப்பவர், குறைந்த நாள் போதும் என்றால்தான் எப்படி நம்புவது? இரண்டு இடத்திலும் அவரவர் காரணம் இருந்தது. அம்மாவின் உடம்புக்கு எது நல்லது என்பது மட்டும் தெரியவில்லை.

அதனால் திரும்பவும் அரசாங்க டொக்டரிடம் போய்ச் சிங்களத்தில் நேராகவே கேட்டேன். நாள் முழுதும் சிங்களத்தில் வியாபாரம் செய்த அம்மாவுக்கு என்னைவிட நன்றாக அந்தப் பாஷை வரும். ஆனாலும், மகள் கேட்பதைப் பார்க்க ஆசைப்பட்டு வாய் திறக்காமல் இருந்தார்.

"நாளைக் குறைத்தால் உங்களுக்கு என்ன லாபம், டொக்டர்?"

தாதி என்னை முறைத்தார். டொக்டர் பேனாவைக் கீழே வைத்து, தங்கச்சி என்பதைச் சிங்களத்தில் 'நங்கி' என்று சொல்லிக் கூப்பிட்டுப் பேசினார்.

"லாபம் இருக்கு, நங்கி. இருக்கிற மெஷின் போதாது. அம்மே வேளைக்கு முடிச்சா, காத்திருக்கிற இன்னொரு ஆள் வேளைக்குத் தொடங்கலாம். ஆனா அதுக்காக மட்டும் சொல்லேல்ல. ஒரு நாளைக்குக் குடுக்கிற அளவு கொஞ்சம் கூடும், நாள் குறையும். எல்லாக் கான்சர் வருத்தத்துக்கும் இது சரிவராது. அம்மேக்கு வந்திருக்கிறதுக்கு ரெண்டும் ஒரே பலன்தான்."

பஸ்ஸில் அம்மா சொன்னார்: "லாபம் ஒண்டுமில்ல, எல்லாம் உங்கட நன்மைக்குத்தான் எண்டு சொல்லியிருந்தா எழும்பி வந்திருப்பன். மூண்டே எடுப்பம்."

அந்த மூன்று வாரமும் சுகமாக இருக்கவில்லை. தோல் கறுத்து எரிந்தது. நெரிசலில் பஸ் ஏற முடியாமல் முச்சக்கரவண்டி பிடித்தோம். கூடப் போவதற்கு நான் வெள்ளவத்தை அலுவலகத்தில் சம்பளமில்லாத லீவு எடுத்தேன். அம்மாவின் மூலையில் வேறு யாரும் உட்காராதபடி பக்கத்து மரக்கறிக்கார அக்கா தன் கூடைகளைப் பரப்பி வைத்திருந்தார். ஐந்து வாரம் என்றால் அந்த மூலை போயிருக்கும். அம்மா அங்கே திரும்பிப் போய் உட்கார்ந்து, சில வருடங்கள் வியாபாரம் செய்தார். ஓம் சின்னம்மா, சல்லி மிச்சமானது. அது வீட்டில் அரிசியாக இருந்தது.

பிறகு நோய் கல்லீரலில் வந்தது. இன்னும் இரண்டு வாரம் எடுத்திருந்தால் தடுத்திருக்கலாமா என்று வேறொரு டொக்டரிடம் போய்க் கேட்டேன். கதிர் அது பட்ட இடத்தைத்தான் காக்கும், அந்த இடத்தில் நோய் திரும்பவில்லை, கல்லீரலில் வந்ததை அந்த இரண்டு வாரம் தடுத்திருக்காது என்றார். முதல் டொக்டர் உங்கள் நண்பரா என்று கேட்டேன். பெயரே தெரியாது என்றார். அதன் பிறகுதான் நம்பினேன்.

கடைசி நாட்களில் கஞ்சிக் கோப்பையை நீட்டினால், "இதுக்குள்ள மருந்து கலந்திருக்கிறியா?" என்று கேட்டுவிட்டுத்தான் அம்மா குடிப்பார். கலந்துதான் இருந்தேன். அவருக்கும் அது தெரியும்.

மூலையைக் காத்துத் தந்த அக்காவுக்கும், வாசல்வரை வந்து ஏற்றிப்போன முச்சக்கரவண்டிக்காரருக்கும், வீட்டுக்கு வந்து செபமாலை சொன்ன கோயில் பங்குப் பெண்களுக்கும், தன் லாபத்தை மறைக்காத டொக்டருக்கும் எங்கள் வீட்டின் நன்றி. இரவுகளில் அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிட்ட சின்னம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று செய்திருக்கிறேன். அம்மாவின் தங்கையும் மகளும் மார்பகப் பரிசோதனை செய்வது நல்லது என்று அந்த இரண்டாவது டொக்டர் சொல்லியிருந்தார். நான் போன மாதம் போய்ச் செய்துகொண்டேன். திரும்பி வரும்போது சின்னம்மாவின் பெயரையும் கொடுத்து, அடுத்த கிளினிக்குக்கு எண் எடுத்து வந்திருக்கிறேன். சின்னம்மா, யாருக்கு என்ன லாபம் என்று இந்த முறை நீங்களே கேளுங்கள். நான் வாய் திறக்காமல் பக்கத்தில் இருப்பேன்.