தக்காளி இலையின் வாசனை

சலவைக் கடையில் அவளுக்கு ஏனக்கா என்று பேர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் வேறு ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று கேட்டு அவளே சம்பாதித்துக்கொண்ட பேர் இது. இஸ்திரிப் பெட்டி ஏன் இடது பக்கம் மட்டும் தண்ணீர் சொட்டுகிறது, கறுப்புக் கோட்டு சாயம் போனால் ஏன் செம்மண் நிறத்துக்கு வருகிறது, எதிர்க்கடைக்காரர் மழை நாளில் மட்டும் ஏன் சீக்கிரம் கடை திறக்கிறார்? பதில் கிடைக்கிற வரை விடமாட்டாள். கிடைத்த பதிலுக்குள்ளிருந்து இன்னொரு ஏன் கிளம்பும். "இவகிட்ட வாயைக் கொடுத்தா அன்னிக்கு வேலை ஓடின மாதிரிதான்" என்று முதலாளியம்மா தலையில் அடித்துக்கொள்வார். அப்புறம், எதிர்க்கடைக்காரர் விஷயம் என்ன ஆயிற்று என்று அவரே மெல்ல வந்து விசாரிப்பார்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் எப்படி இருப்பார்? வாயில்லாப் பூச்சி. காஸ் அடுப்பு ரிப்பேர் செய்கிற கம்பெனியில் வேலை. வீடு வீடாகப் போய்க் குழாயையும் பர்னரையும் சரிபார்க்கிறவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஜன்னலைத் திறங்க, அடுப்பு பக்கம் யாரும் போகாதீங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைவார். வீட்டுக்காரர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அவருடைய மூக்குக்குத் தெரிந்துவிடும்.

அந்த மூக்குக்குத்தான் கேடு வந்தது. குளிர்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து அவரைப் படுக்கையில் தள்ளியது. காய்ச்சல் போனபோது வாசனையையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. நாக்கு செத்துப்போயிருக்கிறது, தானாகச் சரியாகிவிடும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆகவில்லை. காபி வெறும் சுடுதண்ணீராக இறங்கியது. மூக்கு வேலை செய்யாதவரை வீடுகளுக்கு அனுப்ப முடியாது என்று கம்பெனியில் சொல்லி, அவரை டெலிபோன் எடுக்க உட்காரவைத்தார்கள். பேசவே கூலி கேட்கிற மனிதரைப் பிடித்து டெலிபோனில் உட்காரவைத்தால் என்ன ஆகும்? ஆள் பாதியாகிப் போனார்.

வாசனை திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலே போனாலும் போகும் என்றார் டாக்டர். தினமும் எதையாவது முகர்ந்து பார்த்துப் பழக்கச் சொன்னார். ஏனக்காவிடம் இப்படி ஒரு வேலையைக் கொடுத்தால் கேட்கவா வேண்டும்? கிராம்பு, எலுமிச்சை, காபித்தூள் என்று வரிசையாக எடுத்துவைத்துக்கொண்டு, "கண்ணை மூடுங்க. இது என்ன வாசனை?" என்று காலையும் மாலையும் பரீட்சை நடத்தினாள். ஒவ்வொன்றுக்கும் அவர் உதட்டைப் பிதுக்கினார்.

அந்தச் சமயத்தில்தான் சலவைக்கு வந்த ஒரு கோட்டின் பையில் இரண்டு விதைப் பொட்டலங்கள் கிடைத்தன. வெளுக்கப் போடும் முன் பைகளைத் துழாவிப் பார்ப்பது கடை வழக்கம். அவள் பொட்டலங்களை எடுத்து வைத்திருந்து, கோட்டுக்காரர் வந்தபோது கொடுத்தாள். ஒன்று தக்காளி, ஒன்று குடைமிளகாய்.

"நீங்களே வெச்சுக்குங்கம்மா. எங்க வீட்ல இடமில்ல" என்றார் அவர். "குளிர் விடுற வரைக்கும் வீட்டுக்குள்ள வளர்த்து, அப்புறம் வெளிய வைக்கணும். தக்காளி இலையைத் தொட்டு முகர்ந்து பாத்திருக்கீங்களா? அந்த வாசனை பழத்துக்குக்கூடக் கிடையாது."

"ஏன்?" என்றாள்.

மனிதர் மாட்டிக்கொண்டார். அவரைக் கடையில் நிறுத்திவைத்து, விதைப்பதிலிருந்து வெளியே வைப்பது வரை கறந்துவிட்டுத்தான் அனுப்பினாள். கடைசியாக அவர் சொன்னது இது: "முதல் நாளே வெயில்ல விட்டுடாதீங்க. நிழல்ல கொஞ்ச நேரம் வெச்சுட்டு உள்ள எடுத்துடணும். மறுநாள் இன்னும் கொஞ்ச நேரம். வீட்டுக்குள்ள வளர்ந்த பிள்ளை, வெளிக்காத்து தாங்காது."

காலித் தயிர்க் கோப்பைகளின் அடியில் ஓட்டை போட்டு, மண்ணைச் சலித்து நிரப்பி விதைத்தாள். முளைக்கச் சூடு வேண்டுமாம். சலவைக் கடையில் சூட்டுக்கா பஞ்சம்? பின்கட்டில் பாய்லருக்குப் பக்கத்துப் பலகையில் கோப்பைகள் ஏறி உட்கார்ந்தன. தக்காளி சட்டென்று தலைகாட்டிவிட்டது. குடைமிளகாய் கல்லுளிமங்கனாக இருந்தது. மண்ணுக்கு அடியில் என்னதான் நடக்கிறது என்று ஏனக்காவுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. கொண்டையூசியால் ஒரு விதையைத் தோண்டிப் பார்த்தாள். வெள்ளையாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது. ஆகா என்று மூடிவைத்தாள். அடுத்த நாள் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? மறுபடி தோண்டினாள். வேர் முறிந்தது. அப்புறமும் சும்மா இருந்தாளா என்றால், அடுத்த கோப்பைக்குப் போனாள்.

"முட்டையை உடைச்சு உடைச்சுக் குஞ்சு வந்துடுச்சான்னு பாக்குறியே, உனக்கே நல்லா இருக்கா?" என்று முதலாளியம்மா கொண்டையூசியைப் பிடுங்கிக் கல்லாப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். அதனால்தான் மிச்ச விதைகள் பிழைத்தன.

முளைத்ததெல்லாம் வீட்டு ஜன்னலுக்கு வந்தது. செடிகள் வெளிச்சத்தைப் பார்த்துச் சாய்ந்தன. அவள் கோப்பையைத் திருப்பிவைத்தாள். அவை திரும்பி இந்தப் பக்கம் சாய்ந்தன. இது அவளுக்குப் பெரிய விளையாட்டாகிவிட்டது. தக்காளித் தண்டு நீண்டு துவண்டபோது, பெரிய தொட்டிக்கு மாற்றி, கழுத்தளவு மண்ணில் புதைத்தாள். புதைந்த தண்டிலேயே வேர் விடுமாம். இலையைத் தடவிய கையை முகர்ந்தால் அப்படி ஒரு வாசனை. பச்சையா, காரமா, கசப்பா என்று சொல்லத் தெரியவில்லை. உடனே புருஷனின் மூக்குக்குக் கொண்டுபோனாள்.

முதல் சில நாள் உதட்டைப் பிதுக்கினார். பிறகு ஒரு நாள், "லேசா வர்ற மாதிரி இருக்கு" என்றார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்புறம் கிராம்பு வந்தது. காபி வந்தது. எலுமிச்சையும் வந்தது. கடை முழுக்கச் சொல்லியாயிற்று. முதலாளியம்மா எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.

"திங்கட்கிழமை ஆபீஸ்ல சொல்லிடலாம்னு இருக்கேன். மறுபடியும் வீடுகளுக்குப் போறேன்" என்றார் அவர். சொன்னால் போதும், பழைய வேலை கிடைத்துவிடும்.

அன்றைக்குச் சாயங்காலம் அவளுக்கு ஒரு யோசனை. சந்தேகம் என்று சொன்னால் பாவம். சத்தியமாக வெறும் ஆவல்தான். குடைமிளகாய் இலைக்கு வாசனையே கிடையாது, எவ்வளவு கசக்கினாலும் வெறும் புல். அதைக் கொடுத்தால் இந்த மனுஷன் என்ன சொல்வார்?

"கண்ணை மூடுங்க. தக்காளி இலை. எப்படி இருக்கு?"

குடைமிளகாய் இலையை மூக்கருகே பிடித்தாள்.

"நேத்தைவிட நல்லா வருது" என்றார்.

அவளுக்குப் பகீரென்றது. இலையைக் கீழே போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, வெறும் விரல்களை நீட்டினாள்.

"இப்ப?"

"இப்பவும்தான்."

அவர் கண்ணைத் திறந்தபோது அவள் வெறுங்கையோடு நின்றாள். இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது.

"அப்ப கிராம்பு?"

"இல்ல."

"காபி?"

இல்லை என்று அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"பொய் சொல்லிக்கிட்டு அடுத்தவங்க வீட்டுக்குள்ள போவீங்களா? காஸ் கசிஞ்சா எப்படித் தெரியும்?"

"சோப்புத் தண்ணி தடவினா குமிழ் வரும். அதுல தெரிஞ்சுடும்."

"எங்க தடவணும்னு மூக்குதானே சொல்லணும்? நீங்கதானே எனக்கு அதைச் சொன்னீங்க? பிள்ளைகுட்டி இருக்கிற வீடுங்க."

அவர் கீழே கிடந்த இலையைக் குனிந்து எடுத்தார். அப்புறம், "காலையில சாயங்காலம் என் முகத்தையே பாத்துக்கிட்டு நிக்கிற. இல்லைன்னு சொன்னா உன் முகம் விழுந்துடுது. எத்தனை தடவை நான் இல்லைன்னு சொல்றது?" என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் சேர்ந்தாற்போல் பேசியதில் அதுதான் நீளமானது.

அவளுக்குச் சுருக்கென்றது. அதைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. திங்கட்கிழமை போவீர்களா, மாட்டீர்களா என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லாமல் எழுந்து போனது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

மறுநாள் சனிக்கிழமை, அவருக்கு விடுமுறை. அவளுக்குக் கடை உண்டு. கிளம்புகிறபோது ஜன்னலோரம் வரிசையாக நின்ற தொட்டிகளைப் பார்த்தாள். எந்தச் செடியைப் பொத்திப் பொத்தி வளர்த்தோமோ அதை வைத்தே ஏமாற்றியாயிற்று என்ற ஆத்திரம். அத்தனையையும் தூக்கிக்கொண்டு போய்ப் பால்கனியில், சுள்ளென்ற வெயிலில், டக் டக்கென்று வைத்தாள். நிழலில் கொஞ்ச நேரம் என்று கோட்டுக்காரர் சொன்னது ஞாபகம் இல்லாமலா? நன்றாக ஞாபகம் இருந்தது. கோபம் வந்தால் ஏனக்காவுக்கும் ஏன் என்று கேட்கத் தோன்றுவதில்லை, மனுஷிதானே.

மத்தியானம் கடையின் கதவு படாரென்று அடித்தது. வெளியே காற்று. காயப்போட்ட திரைச்சீலைகள் கம்பியைப் பிய்த்துக்கொண்டு பறக்கப் பார்த்தன. கோட்டு ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்த அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்திவைத்துவிட்டு அப்படியே நின்றாள். பால்கனியில் விட்டுவந்த செடிகளை நினைத்தாள். செடிகளை மட்டுமா? தெரியாத ஒரு வீட்டு அடுக்களையில் அவர் மூக்கில்லாமல் நிற்பதும் கண்முன் வந்து வந்து போயிற்று. முதலாளியம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "போ, போய்த் தொலை. கோட்டை நான் தேய்ச்சுக்கிறேன்" என்றார்.

வீட்டுக்குள் நுழைந்தால் பால்கனி காலி. தொட்டிகளெல்லாம் சமையலறைத் தரையில், விரித்த செய்தித்தாள் மேல் இருந்தன. இலைகள் பிளீச் பட்ட துணி மாதிரி திட்டுத் திட்டாக வெளுத்திருந்தன. உயரமாக வளர்ந்த தக்காளிச் செடிகள்தான் ஒடிந்திருந்தன. குட்டையாக இருந்த குடைமிளகாய் தப்பித்துவிட்டது. ஒடிந்த தண்டுகளுக்கு, குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பை வைத்துப் புருஷன் கட்டுப் போட்டிருந்தார். கடைசிச் செடிக்குச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் போயிடலை. பாதிக்கு மேல தேறிடும்" என்றார்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் விரல்களிலெல்லாம் பச்சையும் மஞ்சளுமாகப் பிசின் ஏறியிருந்தது.

"கையைக் கழுவிட்டு வாங்க."

"ரெண்டு தடவை கழுவிட்டேன். போகலை." கொஞ்சம் தயங்கினார். "சொன்னா நீ நம்பமாட்ட. அதான் சொல்லாம இருந்துடலாம்னு பாத்தேன்."

"என்னது?"

"கை நாறுது. ரப்பர் கருகின மாதிரி."

அவளுக்கு ஏற்கெனவே சூடு பட்டிருந்தது. எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். அவர் கையை ஈரத்துணியில் சுற்றி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

"கண்ணை மூடுங்க."

குடைமிளகாய் இலையைக் கசக்கி நீட்டினாள்.

அவர் நிதானமாக முகர்ந்தார். "ஒண்ணும் இல்ல."

வெறுங்கையை நீட்டினாள்.

"இல்ல. இதுலயும் ஒண்ணும் இல்ல."

ஒடிந்து கிடந்த தக்காளி இலை ஒன்றை எடுத்தாள். நசுக்கினாள். இன்னும் பக்கத்தில்கூடக் கொண்டுபோகவில்லை. அவர் தலையை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இதுதான். எடு, எடு அந்தப் பக்கம்."

அவள் எடுக்கவில்லை. இலையைப் பிடித்தபடியே அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள், அதைச் சொல்ல என்ன வெட்கம்? இத்தனை நாள் அவர் கொடுத்த "ஆமா"க்களையெல்லாம் சேர்த்தாலும், இப்போது சொன்ன இரண்டு "இல்ல"வுக்கு ஈடாகாது.

"ஏன் இப்படி நாறுது? நல்ல வாசனைன்னு சொன்னியே?" என்று கேட்டார். அவர் வாயிலிருந்து ஏன் என்று ஒரு சொல் வந்தது அவளுக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

"தெரியலைங்க" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "திங்கட்கிழமை டாக்டர்கிட்ட கேப்போம்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "திங்கட்கிழமை ஆபீஸ்ல?" என்றாள்.

"போன்தான் எடுப்பேன். காஸும் இலையும் ஒரே மாதிரி ரப்பராட்டம் அடிச்சா நான் எதைன்னு சொல்றது? சரியாகட்டும்."

அவள் தலையாட்டினாள். சிதறிக் கிடந்த இலைகளைப் பொறுக்கிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். அவர் இன்னும் கண்ணை மூடியபடியே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"எங்க போற?" என்றார். "அடுத்தது கொடு."

அவள் அலமாரியைத் திறந்து கிராம்பு டப்பாவை எடுத்தாள்.