அண்ணி பில் போடாத மேடை

கலவை இயந்திரம் சுழன்றுகொண்டிருக்கும். கான்கிரீட்டைக் கொட்ட வேண்டியதுதான் பாக்கி. அப்போது பார்த்து முழங்கால் வரை ரப்பர் பூட்ஸோடு அண்ணி அஸ்திவாரக் குழிக்குள் இறங்குவார். மேஸ்திரி மேலே தலையில் கைவைத்து நிற்பார். கம்பி ஒவ்வொன்றையும் டேப்பால் அளந்து, அரசாங்க இன்ஜினீயரையும் குழிக்குள் இறக்கிக் கையெழுத்து வாங்கினால்தான் அண்ணி மேலே ஏறுவார்.

“மூடிட்டா அவ்வளவுதான். உள்ள கம்பி இருக்கா கத்திரிக்கா இருக்கான்னு நாளைக்கு யாரு சாட்சி சொல்லுவா?”

நியாயம்தான். பாலம் கட்டுகிறவனுக்கு அரசாங்கம் மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிடாது. கட்டிய வரைக்கும் அளந்து, அதற்குப் பில் போட்டு, அவர்கள் சரிபார்த்த பிறகுதான் பணம். அளக்காத வேலை, செய்யாத வேலை. எங்கள் வீட்டில் பாலம் கட்டுவது அண்ணன். பணத்தை இழுத்துக்கொண்டு வருவது அண்ணி. சோபா வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் சொன்ன நீளத்தை நம்பாமல் அளந்து, விரற்கடை குறைகிறது என்று விலையைக் குறைத்துவிட்டு வந்த மகராசி அவர்!

அண்ணனோ தாராளப் பிரபு. இப்போது கட்டி முடித்த பாலத்தின் நடைபாதையில், கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு சிமெண்ட் மேடை கட்டிவிட்டான். வரைபடத்தில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது; அதனால் பில்லும் போட முடியாது. சுமையோடு வருகிறவர்கள் இறக்கிவைத்துக் கொஞ்சம் உட்காரட்டுமே என்றான். அன்றிலிருந்து அண்ணி அவனோடு பேசவில்லை. “உங்க அண்ணனைச் சாப்பிட வரச் சொல்லுங்க” என்று என்னிடம் சொல்வார், அவன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே. சிரிப்பை அடக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

கடைசி அளவெடுப்பு வந்தது. அந்தப் பில் நகர்ந்தால்தான் ஆட்களுக்குப் பாக்கிக் கூலி. மூட்டை முடிச்சோடு பாலத்தடியில் காத்திருந்தார்கள். இன்ஜினீயர் மேடையருகே வந்ததும் நின்றுவிட்டார். விட்டுவைத்தால் நாளைக்கு இதற்கும் பணம் கேட்டு வருவீர்கள், இடித்துவிடுங்கள், அப்புறம்தான் கையெழுத்து என்றார்.

அண்ணி கடப்பாரை கொண்டுவரச் சொன்னார். அண்ணன் முகம் தொங்கிப்போயிற்று.

கடப்பாரை வருவதற்குள், பாலத்தில் தனியாக நடந்து வந்த ஒரு பெண், தலையிலிருந்த துணி மூட்டையை யார் உதவியும் இல்லாமல் மேடைமேல் இறக்கிவைத்தாள். “அப்பாடா” என்று கழுத்தை நீவிக்கொண்டாள். எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. மறுபடி மூட்டையை ஏற்றிக்கொண்டு தன் பாட்டுக்குப் போய்விட்டாள்.

அண்ணி அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்ஜினீயரிடம் திரும்பினார்.

“இதுக்குப் பணம் கேக்க மாட்டோம்னு எழுதிக் குடுத்தா விட்டுருவீங்களா?”

அவர் யோசித்துத் தலையாட்டினார். ஒரு சாண் வேலையைக்கூடச் சும்மா விடாத அண்ணி, இன்ஜினீயரின் கார் மேல் காகிதத்தை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். இன்ஜினீயரும் பில்லில் போட்டார். கீழேயிருந்து விசில் பறந்தது. சந்தோஷத்தில் நானும் ஒரு விசில் அடித்தேன்.

அண்ணன் தள்ளியே நின்றான். அண்ணி மேடையில் போய் உட்கார்ந்தார். அவனுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.