தமயந்தி சித்தியின் வெட்டுப்பட்ட காணொளி

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். அஞ்சலிக் கட்டுரையில் யார் மனமும் நோகக் கூடாது என்று எங்கள் தமிழ் ஐயா சொல்வார். இதில் ஒருவர் மனம் நோகும். நோக வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். தமயந்தி சித்தியை அறிந்தவர்களுக்கு இது புரியும். எதையும் பாதியில் நிறுத்துவது அவருக்கு ஆகாது.

செய்தி வந்தபோது நான் பள்ளி நூலகத்தில் இருந்தேன். காரைக்குடி செக்காலையில் ஆட்டோ ஓட்டும் சேகர் மாமா வழக்கமாகத் தெருவிலிருந்தே ஹாரன் அடித்து என்னைக் கூப்பிடுவார். அன்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"பைய எடுத்துக்க ஆத்தா, வீட்டுக்குப் போவோம்."

"சித்திக்கு எப்படி இருக்கு மாமா?"

"புத்தகத்தக் குடுத்துட்டு வா."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

சித்தி என் அம்மாவின் தங்கை. காரைக்குடிக்கு வெளியே ஒரு செவிலியர் கல்லூரியில் ஆசிரியை. அந்தக் கல்லூரியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பயந்துகொண்டு அல்ல. என் எழுத்தால் அதற்கு விளம்பரம் கிடைத்துவிடக் கூடாது.

அங்கே செய்முறை அறையில் ஒரே ஒரு பிளாஸ்டிக் பொம்மைதான் உண்டு. மாணவிகள் அதற்குப் பொன்னம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். பொன்னம்மாவைச் சுற்றி வகுப்பே நின்றால், பின்னால் நிற்பவர்களுக்கு முன்னால் நிற்பவர்களின் சடைதான் தெரியும். அதனால் சித்தி ஒவ்வொரு பாடத்தையும் கைப்பேசியில் படம் பிடித்து இணையத்தில் ஏற்ற ஆரம்பித்தார். ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது, படுத்திருப்பவரைப் புரட்டுவது எல்லாம் வந்தன. மாணவிகள் பேருந்தில் போகும்போதுகூட அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். தேர்வுக்கும் அவற்றைத்தான் மனப்பாடம் செய்தார்கள். சித்திக்குத் தன் குரல்மேல் பெரிய கர்வம். "ரேடியோவுல இருக்க வேண்டிய குரல்டி இது. இங்க வந்து பெட்பேன் கழுவச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கு" என்பார். நாங்கள் சிரித்தால் கோபம் வரும்.

அவருடைய காணொளிகளில் எனக்குப் பிடித்தது உண்ணிக் காய்ச்சல் பற்றியது. கொத்தமங்கலம் பக்கத்துக் கருவைக் காட்டில் உண்ணிகளைப் பிடித்து, அவற்றில் எந்த நோய்க்கிருமி இருக்கிறது என்று சோதிக்க ஒரு ஆய்வுக் குழு வந்திருந்தது. சித்தி தன் மாணவிகளோடு அதில் சேர்ந்துகொண்டார். விடுமுறை நாளில் நானும் போனேன். வெள்ளைத் துணி ஒன்றைப் புல்மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு போவார்கள். ஆடோ மனிதரோ வருவதாக நினைத்து உண்ணிகள் அதில் தொற்றிக்கொள்ளும். இடுக்கியால் எடுத்துச் சின்னப் புட்டியில் போட வேண்டும். சித்தி சுடிதார் காலை வெள்ளைச் சாக்ஸுக்குள் திணித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நடந்தார். பிறகு அங்கே மேய்ந்த ஆடுகளின் காதுகளையும் புரட்டிப் பார்த்தார்.

ஆட்டுக்காரர் ஒருவர் கேட்டார்: "என்ன டீச்சரு, ஆட்டுக்குப் பேன் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீக?"

"ஆமாண்ணே. முடிச்சுட்டு ஒங்களுக்கும் பாக்குறேன், அங்குட்டு வரிசையில நில்லுங்க."

அவர் உண்மையாகவே துண்டை எடுத்துத் தலையை மூடிக்கொண்டார்.

காணொளியின் முதல் பகுதி இந்தக் காடு. இரண்டாம் பகுதியில் பொன்னம்மா வருவாள். உண்ணி கடித்த இடத்தில் சிலருக்குச் சிகரெட் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது. அதைக் கண்டுபிடித்துவிட்டால் என்ன காய்ச்சல் என்று மருத்துவர் உடனே யோசிப்பார், சரியான மருந்து நேரத்தோடு கிடைக்கும். அது பெரும்பாலும் துணி மூடிய இடத்தில்தான் ஒளிந்திருக்கும். சித்தி பொன்னம்மாவின் காதுக்குப் பின்னால், கழுத்தில், அக்குளில், மார்புக்கு அடியில், பாவாடை நாடா இறுகும் இடுப்பில், தொடையிடுக்கில், கடைசியாக முழங்கை மடிப்பில் என்று வரிசையாகத் தேடிக் காட்டினார். திரையை இழுத்து மறைத்துவிட்டு, நோயாளியிடம் அனுமதி கேட்டு, தேவையான அளவு மட்டும் துணியை விலக்குவது எப்படி என்றும் காட்டினார். "வெட்கப்படுறது நோயாளியோட உரிமை. நர்ஸுக்கு அந்த உரிமை கிடையாது" என்று அதில் சொல்வார். கீழே ஓடும் தமிழ் வரிகளை நான்தான் தட்டச்சு செய்தேன்.

கல்லூரித் தாளாளர் அதைப் பார்த்துவிட்டுச் சித்தியைக் கூப்பிட்டு அனுப்பினார். சித்தி என்னைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு வரும் வழியில் அங்கே போனதால் நானும் அந்த அறையில் இருந்தேன்.

"மேடம், அட்மிஷன் நேரம். பிள்ளைகளப் பெத்தவுக நாலு பேரு பாப்பாக. இந்த அவுத்துப் பாக்குற சோலியெல்லாம் வேணாம்."

"சார், அது பொம்ம."

"பொம்மையா இருந்தாலும் பொம்பளப் பொம்மைதான?"

"பொம்மைக்கு என்ன சார் மானம்? காச்சல்ல கெடக்குறவளுக்கு உசுருதான் முக்கியம்."

"நீங்க நல்லாப் பேசுறீக. ஆனா வெட்டிருங்க."

சித்தி மறுத்தார். சேனல் கல்லூரியின் பெயரில் இருந்ததால், அலுவலகத்தில் ஒருவரை வைத்து அவர்களே வெட்டிவிட்டார்கள். புதிய காணொளியில் சித்தியின் கை பொன்னம்மாவின் கழுத்திலிருந்து நேரே முழங்கைக்குத் தாவும். மாணவிகள் அதைத்தான் படித்தார்கள்.

அதன் பிறகும் சித்தி ஆய்வுக் குழுவோடு காட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். சில மாதங்கள் கழித்து அவருக்குக் காய்ச்சல் வந்தது. கல்லூரி விழாவுக்கு அலைந்த அசதி என்று நாங்கள் நினைத்தோம், அவரும் அப்படியே சொன்னார். மருத்துவமனையில் சேர்த்தபோது அவருக்குப் பேச்சுக் குழறியது. அன்று மாலை நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். உடம்பில் ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கும்படி மருத்துவர் சொல்லிவிட்டுப் போனார். இளம் செவிலியர் அக்கா ஒருவர் வந்தார். அந்த வருடம்தான் சித்தியின் கல்லூரியில் படித்து முடித்தவர். சித்தியின் முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். பிறகு முழங்கையைப் பார்த்தார்.

சித்தி அவர் கையைப் பிடித்தார். "முழுசாப் பாருடி" என்றார்.

"மேடம் ஏதோ பெனாத்துறாக" என்று அக்கா என்னிடம் கண்கலங்கச் சொன்னார். அடையாளம் எதுவும் இல்லை என்று மருத்துவரிடம் சொன்னார். காணொளியில் இருந்தபடி, ஒன்றுகூடத் தவறாமல்தான் அவர் பார்த்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

வேறு காய்ச்சலுக்கான மருந்து ஏறிக்கொண்டிருந்தது. மறுநாள் சேகர் மாமா நூலகத்துக்கு வந்தார்.

வீட்டில் சித்தியைக் குளிப்பாட்டியபோது அம்மா கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார். அழுகைச் சத்தம் நின்றுபோயிருந்தது. "இந்தா இருக்குடி" என்றார். முதுகுப் பக்கம், பாவாடை நாடா இறுகும் இடத்தில், ஒரு மிளகு அளவில் கறுப்பாக இருந்தது. சித்தியின் கண்ணுக்கு எட்டாத இடம். அம்மாவும் அந்த முழுக் காணொளியைப் பார்த்தவர். பொன்னம்மாவைப் பார்த்து அன்றைக்குச் சிரித்தவர்.

கல்லூரியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். புதிதாகச் சேர்ந்த மாணவிகளின் பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். மேடையில் சித்தியின் படத்துக்குச் சந்தன மாலை போட்டிருந்தது. தாளாளர் நன்றாகப் பேசினார். தமயந்தி மேடம் நிறுவனத்தின் சொத்து என்றார். அவருடைய காணொளிகள் இல்லாமல் இந்தக் கல்லூரி இல்லை என்றார். அவருக்குக் குரல்கூடத் தழுதழுத்தது. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "வெட்டிருங்க" என்று சொன்னதும் அதே வாய்தான்.

பிறகு, மேடத்தின் நினைவாக உண்ணிக் காய்ச்சல் காணொளியை எல்லோரும் பார்ப்போம், அவர் அக்கா மகளே அதை ஓட்டிக் காட்டட்டும் என்றார். நான் எழுந்து முன்னால் போனேன். அழுவேன் என்று நினைத்தார் போல, என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

சித்தியிடமிருந்து என்னிடம் மூன்று பொருள்கள் இருக்கின்றன. கருவை முள் இழுத்த வெள்ளைச் சாக்ஸ். யார் காய்ச்சல் என்றாலும் இடுப்பைப் பார்த்தீர்களா என்று கேட்கும் பழக்கம். அப்புறம், நான் தமிழ் வரிகளைத் தட்டச்சு செய்தபோது சித்தி ஏற்றிக் கொடுத்த பென்டிரைவ். அதில் பொன்னம்மா முழுதாக இருக்கிறாள். அன்று அது என் பாவாடைப் பையில் இருந்தது.

கணினியில் அலுவலகத்தார் செருகி வைத்திருந்த பென்டிரைவை எடுத்துவிட்டு என்னுடையதைச் செருகினேன். ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. முதல் வரிசையில் தாளாளர் பெற்றோர்களுக்கு நடுவில் வசதியாக உட்கார்ந்துகொண்டு, பின்னால் திரும்பிக் குரல் கொடுத்தார்: "லைட்ட அமத்துங்கப்பா, எல்லாருக்கும் நல்லாத் தெரியட்டும்."

சுவிட்சுக்குப் பக்கத்தில் அந்தச் செவிலியர் அக்கா நின்றிருந்தார். நான் மாற்றிச் செருகியதை அவர் மட்டும் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். என்னையே பார்த்தார். நான் தலையசைத்தேன்.

அக்கா விளக்குகளை அணைத்தார்.