அம்மா ஓட்டிப் பார்த்த வண்டிகள்

கடலூரில் இன்று தம்பி நடத்தும் ஒர்க்‌ஷாப்பில் காரைத் தூக்கி நிறுத்த லிஃப்ட் இருக்கிறது, கோளாறைச் சொல்ல கம்ப்யூட்டர் இருக்கிறது. அப்பா தொடங்கியபோது இருந்தது புளியமரத்தடியில் ஒரு தகரக் கொட்டகையும், காருக்கு அடியில் நின்று வேலை பார்க்க ஒரு பள்ளமும்தான். ஊரில் கார் வைத்திருந்தவர்களே கொஞ்சம் பேர். பஸ் கம்பெனி ஷெட்டில் தொழில் கற்ற அப்பாவின் கைக்கு நல்ல பெயர் இருந்தது.

ஆனால் அவர் ஸ்டீயரிங்கைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ரிப்பேர் முடிந்த வண்டியை அம்மாதான் ஓட்டிப் பார்ப்பார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி, என்னைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு, சிதம்பரம் ரோட்டில் ஆலப்பாக்கம் வரை போய்த் திரும்புவார். இப்போது சிப்காட் லாரிகள் நெரியும் அந்த ரோட்டில் அப்போது மாட்டு வண்டிகள்தான் அதிகம். வந்ததும், "பிரேக்கு எடப்பக்கம் இழுக்குதுங்க" என்பார். அப்பா மறுபடி பள்ளத்தில் இறங்குவார்.

ஊர் சும்மா இருக்குமா? "பொண்டாட்டிய அடுத்தவன் கார்ல ஊர் சுத்த வுடறான்" என்று டீக்கடையில் பேசினார்கள். சிதம்பரத்தில் ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களே, "டிரைவரம்மா வந்துட்டாங்கப்பா" என்று சிரித்தார்கள். அம்மாவும் கூடச் சிரித்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அப்பா ஏன் ஓட்டுவதில்லை என்ற காரணம் எனக்கு ஒரு பண்ருட்டிக்காரரால் தெரியவந்தது. முந்திரி வியாபாரி. கிளட்ச் மாற்ற விட்டிருந்த காரை எடுக்க அவர் வந்து நின்ற நேரம், அம்மா அதை ஓட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்னாய்யா இது! எங்காரு என்னா வெளாட்டு சாமானா? நீ ஓட்டுனா கொறஞ்சிடுவியா? இந்தம்மாவுக்குந்தான் வெக்கம் வேணாம்?"

அம்மா சாவியை நீட்டினார். அப்பா கையைத் துடைத்துக்கொண்டே பள்ளத்திலிருந்து ஏறி வந்தார்.

"அவுங்கள ஒண்ணும் சொல்லாதீங்க மொதலாளி. எனக்கு வலிப்பு வரும்."

"ஏங்க..." என்று அம்மா தடுத்தார். அப்பா நிறுத்தவில்லை.

"கல்யாணமான புதுசுல ஒரு டாக்சிய ஓட்டிப் பாக்கறப்ப வந்துடுச்சு. வண்டி வயல்ல எறங்கிடுச்சு, நல்ல காலம், யாருக்கும் அடி இல்ல. டாக்டரு இனிமே ஓட்டவே கூடாதுன்னுட்டாரு. வெளிய தெரிஞ்சா எவன் எனக்கு வேல குடுப்பான்? அதனாலதான் இவ ஓட்டக் கத்துக்கிட்டா. எல்லார் பேச்சையும் இவதான் வாங்கிக்கிட்டிருக்கா."

வேலையாட்கள் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். வியாபாரி பெஞ்சில் உட்கார்ந்தார். தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எந்த டாக்டர பாக்கறீங்க?"

"பாண்டிச்சேரியில. ஏங்க?"

"எம்பொண்ணுக்கும் வருது. பள்ளிக்கொடத்த வுட்டு நிறுத்தி வெச்சிருக்கோம். தெரிஞ்சா யாரு கட்டிக்குவாங்க, சொல்லுங்க."

"மாத்திரைய வுடாம சாப்புட்டா நல்லாயிருப்பாண்ணே," என்றார் அம்மா. "கூட்டிக்கிட்டு வாங்க. நானும் கூட வர்றேன்."

அடுத்த வாரம் அதே காரை அம்மா பாண்டிச்சேரிக்கு ஓட்டினார். வியாபாரி முன்சீட்டில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பின்னால் நான், அந்த அக்கா, அவர் அம்மா. அக்கா வழி முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். மருந்து அவருக்குப் பிடித்துக்கொண்டது. மறுபடி பள்ளிக்கூடம் போய், படித்து, டீச்சரானார்.

விஷயம் வெளியே பரவியதில் சில வாடிக்கைக்காரர்கள் வராமல் போனார்கள். வலிப்புக்காரன் பூட்டிய பிரேக்கை எப்படி நம்புவது என்றார்களாம். சில மாதம் கொட்டகை காலியாகவே கிடந்தது. பிறகு அந்த வியாபாரி சொல்லி பண்ருட்டியிலிருந்து வண்டிகள் வர ஆரம்பித்தன.

அதுவரை அம்மா வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது அப்பா கூடப் போனதில்லை. வழியில் வலிப்பு வந்து நாலு பேர் பார்த்துவிடுவார்களோ என்ற பயம். அதன்பிறகு அவரும் அம்மாவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஆலப்பாக்கம் போய்த் திரும்பும்வரை இரண்டு பேரும் கியர் மாற்றுவதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே வருவார்கள்.